அந்த 100 ரூபாய்!

போன செமஸ்டர்ல எங்க லேபில் ஒரு அம்மீட்டர் எரிந்துபோனது. அன்றைக்கு நான் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில், அக்கா பையனை மடியில் வைத்துக்கொண்டு காதுகுத்தில் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமனாச்சே! போட்டோகூட இருக்கு. ஆனாலும் பேட்ச் லிஸ்ட்டில் என் பேர் இருந்ததால் 400 ரூபாய் ஃபைன். "விடுடா, எதுக்கு வம்பு?" என்றார் அப்பா. கட்டிட்டேன். ரசீதைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரல.

இந்த நேரத்தில்தான் இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு பழைய வக்கீலைப் பற்றிப் படிக்க வேண்டி வந்தது. சேலம் சி.விஜயராகவாச்சாரியார். 1852-ல் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். வாத்தியாராக இருந்தவர், சட்ட வகுப்புக்கே போகாமல் பரீட்சை எழுதி, 1881-ல் சேலத்தில் வக்கீலானார். (கிளாஸ் கட் அடிக்கும் கோஷ்டி ரொம்ப சந்தோஷப்படாதீங்க, அவர் பாஸாகிட்டார்!) அடுத்த வருஷமே நகராட்சி உறுப்பினர்.

அதே 1882-ல் சேலத்தில் கலவரம். தூண்டிவிட்டதே இவர்தான் என்று வழக்கு. 10 வருஷம் தண்டனை. ஐகோர்ட்டுக்குப் போய் விடுதலையானார். நாமா இருந்தா, 'தப்பிச்சோம்டா சாமி'ன்னு ஊர்ப் பக்கம் ஓடியிருப்போம். மனுஷன் விடலையே! தன்னை நகராட்சியிலிருந்து நீக்கியது செல்லாது என்று வழக்குப் போட்டார். யார் மேல தெரியுமா? லண்டனில் உட்கார்ந்து இந்தியாவை ஆண்ட இந்திய மந்திரி மேல! ஜெயித்தார். பதவி திரும்பக் கிடைத்தது. கூடவே நஷ்டஈடு... 100 ரூபாய்.

அப்புறம் 1895 முதல் 1901 வரை சென்னை சட்ட கவுன்சில், 1913-ல் இம்பீரியல் கவுன்சில், 1920-ல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவர் என்று பெரிய ஆளாகிவிட்டார். 'தென்னிந்தியச் சிங்கம்' என்று பட்டமும் உண்டு. எனக்கென்னவோ, சட்டசபையில் உட்கார்ந்த சிங்கத்தைவிட அந்த 100 ரூபாய்க்காகக் கோர்ட் படியேறின சேலத்து வக்கீலைத்தான் பிடிச்சிருக்கு.

அரியலூரிலிருந்து பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் முழுக் கதையும் சொன்னேன். சிமென்ட் லாரி ஒன்று புழுதி கிளப்பிவிட்டுப் போகும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், "அவரு வக்கீலு. நீ மேத்ஸ்ல அரியர் வெச்சவன்" என்றார்.

நியாயம்தான். இருந்தாலும், 'என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்' என்று லெட்டர் எழுதி, காதுகுத்து போட்டோவையும் பின் பண்ணிக் கொடுத்தேன். ஹெச்.ஓ.டி. ரெண்டு தடவை படித்தார். போட்டோவைப் பார்த்து லேசா சிரித்தமாதிரி இருந்தது. "திங்கட்கிழமை வா" என்றார்.

ரசீதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன்.