மேட்டும் மல்லிகையும்

நாற்பது நொடி விளம்பரம். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் வெற்றிலைத் தாம்பாளம், பின்னால் க்ரீன் மேட். "மேட்தானேண்ணே, சாயங்காலத்துக்குள்ள தூக்கிடலாம்ல" என்று ஹார்டு டிஸ்கைக் கொடுத்துவிட்டுப் போனான் கேமராப் பையன். இன்று மூன்றாம் நாள்.

*

முதல் நாள் என் தப்பு. எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில், பச்சையை நீக்கும் அல்ட்ரா கீயைப் போட்டுவிட்டு, கலர் படத்தைப் பார்த்தபடியே டாலரன்ஸை ஏற்றிக்கொண்டு போனேன். பின்னணி சுத்தமாயிற்று, முந்தானையிலும் பொத்தல். முதலில் அவுட்புட்டை ஆல்ஃபா சேனலுக்கு மாற்றியிருக்க வேண்டும். அங்கே ஆள் முழு வெள்ளை, மேட் முழுக் கறுப்பு, சாம்பல் என்று ஒன்று இருந்தால் அது முடியோரத்தில் மட்டும். மாற்றிப் பார்த்தால் வயிற்றில் சாம்பல், வலது மூலையில் மேகம்போல் சாம்பல்.

*

மேகம் சுலபம். மேட்டில் சுருக்கம், அந்தப் பக்கம் விளக்கும் குறைவு. வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் பச்சை மெல்லிசாக, மட்டமாக ஓட வேண்டும். இங்கே வலப்பக்கம் சரிந்து கிடக்கிறது. ஆள் அந்த மூலைக்குப் போவதே இல்லை. ஆபாசிட்டியில் பேனாவை எடுத்து ஆளைச் சுற்றி ஒரு மாஸ்க். மூலை வெளியே போயிற்று.

*

சேலைதான் வில்லங்கம். மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மடிப்பு அசையும்போதெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கிறது. மென்பொருளுக்கு அதுவும் மேட்தான். நீல மேட் கட்டியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது.

வழி: அதே க்ளிப்பின் நகலைக் கீ போடாமல் மேலே வைத்து, உடம்புக்கு உள்ளே அடங்கும்படி மாஸ்க் வரைந்து, ஓரத்தைப் பூசினாற்போல் விட்டேன். உள்ளே அசல் படம், ஓரத்துக்கு மட்டும் கீ.

*

முடியோரம் படிக்கட்டாக உடைகிறது. 4:2:0வில் பதிவு செய்திருக்கிறான். 1920×1080 படத்தில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் உண்டு, நிறம் 960×540தான். நாலு புள்ளிக்கு ஒரு நிறம். கீ வெட்டுவதோ நிறத்தை வைத்து. 4:2:2 என்றால் மேலிருந்து கீழாவது முழுசாகக் கிடைத்திருக்கும். பையனைக் கேட்டேன். "கேமராவுல இருக்குண்ணே, ஃபைல் பெருசாகும்னு விட்டுட்டேன்."

ஷார்ப்னஸை வேறு ஏற்றி வைத்திருக்கிறான். ஓரமெல்லாம் மை தீட்டியதுபோல் கோடு. ஓரத்தை உள்ளே சுருக்கும் சோக் கொடுத்தால் கோடு போகும், கூடவே காதோரத்துச் சுருள்முடியும் போகும். பாதி கொடுத்தேன்.

*

அடுத்தது ஸ்பில், மேட்டின் பச்சை ஆள்மேல் படிவது. எண்ணெய் வைத்த தலை, மல்லிகை, ஜரிகை, பித்தளைத் தாம்பாளம், எல்லாம் பச்சையைத் திருப்பி அடிக்கிறவை. ஆளை மேட்டுக்கு மூன்றடியில் நிறுத்தியிருக்கிறார்கள். எட்டடி கேட்டிருப்பேன்.

ஸ்பில் எடுக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு புள்ளியில் பச்சை, சிவப்பு நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டினால் அங்கேயே வெட்டு. தலைமுடிக்கு நன்றாக வருகிறது. ஜரிகைக்குப் போட்டுப் பாருங்கள்: சிவப்பு 210, பச்சை 170, நீலம் 60. சராசரி 135. பச்சையை அங்கே இறக்கினால் தங்கம் செம்பாகிவிடும். விளம்பரம் கொடுத்தவர் ஜவுளிக்கடைக்காரர்! நல்லவேளை, மேலே வைத்த நகலில் இந்த வெட்டு கிடையாது. உள்ளே தங்கம் தங்கமாகவே இருக்கிறது.

*

இந்த வேலைக்குக் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில், 1959இல் வந்த 'பென்-ஹர்' படத்துக்காக பெட்ரோ விலாஹோஸ் நிற வேறுபாட்டை வைத்து மேட் பிரிக்கும் முறையை உருவாக்கினார். ஃபிலிமில், பிரதி மேல் பிரதியாக. எனக்கு மவுஸ் பிடித்தே மணிக்கட்டு வலிக்கிறது.

*

வெற்றிலை பாக்கி. கீயில் இலை அரைகுறையாக மறைந்து, பாக்கு மட்டும் தெளிவாக நிற்கிறது. நகலின் மாஸ்க்கைத் தாம்பாளம் வரை இழுத்தேன். பதினோராவது நொடியில் கை உயரும்போது மாஸ்க் பின்தங்குகிறது. ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நொடிக்கு 25. இன்னும் இரண்டரை நொடி.