கட்டளையிட்டு வருமா அன்பு?

ஒருவனைப் பார்த்து 'உட்கார்' என்று கட்டளையிடலாம். 'வரி கட்டு' என்று கட்டளையிடலாம். 'அன்பு செய்' என்று கட்டளையிட முடியுமா? அன்பு மனத்தில் தானாக ஊற வேண்டிய ஒன்றல்லவா?

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும், தாம் காட்டிய அன்பையே சீடர்கள் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும் என்று இயேசுநாதர் இட்ட புதிய கட்டளையை நினைக்கும்போதெல்லாம் இந்தச் சந்தேகம் எழுந்ததுண்டு.

உதகமண்டலத்தில் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1829-இல் அடிக்கல் நாட்டி, 1830-இல் பிரதிஷ்டை செய்தார்கள். அதன் பெரிய உத்தரமும் மற்ற மரங்களும் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து பிரித்து எடுத்தவை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார், அவர் வீட்டு மரம் மலையேறி வந்தது. வென்றவர்கள் அதன் கீழே அமர்ந்து, பகைவனையும் நேசிக்கச் சொன்னவரைத் தொழுதார்கள். அவர் உபதேசத்தைக் கேட்டு மனம் உருகியும் இருப்பார்கள். உருகுவது சுலபம்.

அதே ஆலயத்தில் இயேசுநாதரின் கடைசி விருந்தைக் காட்டும் சித்திரம் ஒன்று உண்டு. அந்த இரவில் நடந்ததை யோவான் எழுதியிருக்கிறார். குருநாதர் எழுந்து, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவினார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் யூதாஸ் என்று தெரிந்தே அவன் காலையும் கழுவினார். அவன் எழுந்து இருளில் போன பிறகுதான் அன்புக் கட்டளை பிறந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் தண்ணீரும் துண்டும், அப்புறம்தான் உபதேசம்.

மனத்தில் ஊறும் உணர்ச்சிக்கு யாரும் கட்டளையிட முடியாது. காலைக் கழுவு என்று கட்டளையிடலாம்.

குன்னூரில் நாங்கள் குடியிருந்தபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். குடம் வைக்கும் முறையில் என் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் ஓயாத தகராறு. ஓர் ஆடி மாதத்து மழையில் அந்த அம்மாள் நிமோனியா கண்டு படுத்துவிட்டாள். கணவர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை; விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். என் அம்மா பதினெட்டு நாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் ஊட்டினாள். வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்துவிட்டாள். ஈரம் காயாத அந்தக் குளிரில் அவள் துணிகளையும் அலசிப் போட்டாள்.

"அவங்க மேலே உனக்கு அவ்வளவு பிரியமாம்மா?" என்று கேட்டேன்.

"பிரியமாவது! அந்த வாயாடி மேலேயா? பட்டினியாக் கிடக்கிறாளேடா!" என்றாள்.

என் அம்மா பைபிளைத் தொட்டதுகூட இல்லை. அந்த அம்மாள் எழுந்து நடமாடத் தொடங்கிய மறுவாரமே குழாயடிச் சண்டையும் தொடங்கிவிட்டது. அதனால் அந்தப் பதினெட்டு நாளும் பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடித்தவர்களுக்குச் செய்ய யாருடைய கட்டளையும் வேண்டாம். பிடிக்காதவர்களுக்குச் செய்யத்தான் அது வேண்டியிருக்கிறது.