ஊரடங்கில் இல்லறம்

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு, நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே கைபேசிகளில் ஒரு கேலி உலவத் தொடங்கிற்று. கணவனும் மனைவியும் இரவும் பகலும் ஒரே வீட்டில் அடைந்து கிடந்தால் டிசம்பரில் பிரசவ ஆஸ்பத்திரிகளில் கட்டில் கிடைக்காது என்பதே அதன் சாரம். படித்தவர், பாமரர் என்ற வேற்றுமையின்றி எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தனர். கடல் கடந்த நாடுகளிலும் இதே சிரிப்புத்தான்.

டிசம்பரும் வந்தது. இத்தாலியில் அம்மாதம் பிறந்த குழந்தைகளின் தொகை முந்தைய ஆண்டு டிசம்பரைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்திருந்தது. அமெரிக்காவில் நூற்றுக்கு எட்டுக் குறைவு. பின்னர் அக்குறைவு சில நாடுகளில் ஓரளவு ஈடாயிற்று. எனினும், கதவைப் பூட்டிவிட்டால் இல்லறம் தழைக்கும் என்று எண்ணியவர்களின் கணக்கு பிழைத்துவிட்டது. அந்த நாட்களில் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பற்றி நம்மவர் இன்றளவும் பேசுவதில்லை.

இல்லத்தார் அனைவரும் வாசிக்கும் இதழில் இதை எழுதலாமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. நம் மதரஸாக்களில் பதினைந்து வயது மாணவன் சட்ட நூலின் தூய்மைப் பாடத்தில் கடமைக் குளிப்பையும், ஹைளு, நிஃபாஸு பற்றிய விதிகளையும் உரத்த குரலில் ஓதுகிறான். உஸ்தாது ஒளிவுமறைவின்றி விளக்குகிறார். அரபியில் கூசாத நாவு, தமிழுக்கு வந்ததும் ஏன் கூசுகிறது என்பது முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு விளங்கியதே இல்லை. மார்க்க அறிவைத் தேடுவதற்கு நாணம் தடையாக இருக்கவிடாத மதீனத்து அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை மட்டும் நாம் மேடைதோறும் சொல்லத் தவறுவதில்லை!

துருக்கியில் மருத்துவர் இருவர் அந்த 2020ஆம் ஆண்டிலேயே 58 பெண்களிடம் விவரம் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோய்க்கு முன்னர் அப்பெண்களின் தாம்பத்திய உறவு சராசரியாக வாரத்துக்கு 1.9 முறை; நோய்க்காலத்தில் அது 2.4 ஆக உயர்ந்தது. இவ்வளவோடு நிறுத்தினால் கேலி பேசியவர்கள் வென்றார்கள் என்றே தோன்றும். ஆனால் விருப்பம், நிறைவு, வலி ஆகியவற்றை அளக்கும் வினாத்தாளில் அதே பெண்களின் மதிப்பெண் 20.52இலிருந்து 17.56ஆக இறங்கிவிட்டது. உறவு கூடிற்று, நிறைவு குறைந்தது. கருத்தரிக்க வேண்டும் என்று விரும்பியிருந்தவர் 19 பேர். நோய்க்காலத்தில் அப்படி விரும்பியவர் மூவர் மட்டுமே. அப்படியானால் கருத்தடை முறைகளைக் கைக்கொண்டோர் பெருகியிருக்க வேண்டுமல்லவா? அவர்கள் 24இலிருந்து 10ஆகக் குறைந்தனர். மாதவிடாய்க் கோளாறு உடையவர் 7 பேரிலிருந்து 16 பேராயினர். ஐம்பத்தெட்டுப் பேர் உலகத்துக்குச் சான்றாக மாட்டார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் இந்தச் சிறு பட்டியலில் நம் தெருவின் முகம் எனக்குத் தெரிந்தது.

வேண்டாம் என்று நினைத்தவர்கள் ஏன் தடுத்துக்கொள்ளவில்லை? வீட்டைவிட்டு வெளியேறும் அச்சம் ஒரு காரணம். மருத்துவமனைகள் தொற்றுநோயாளரைக் கவனிப்பதில் மூழ்கி, ஏனையோரைப் பிறகு வரச் சொன்னது இன்னொன்று. பொருளே கிடைக்காமற் போகுமோ என்ற கவலையும் இருந்தது. உலகில் விற்கும் ஆணுறைகளில் ஐந்தில் ஒன்றைச் செய்யும் காரெக்ஸ் நிறுவனம் மலேசியாவில் உள்ளது. அந்நாட்டில் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் அதன் ஆலைகள் பத்து நாள் அளவுக்கு மூடிக் கிடந்தன. பின்னர்ப் பாதி ஆட்களோடு திறக்க அனுமதி கிடைத்தது. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம், ஊரடங்கு ஆறு மாதம் நீடித்தால் ஏழை, நடுத்தர நாடுகளில் 4 கோடியே 70 லட்சம் பெண்கள் கருத்தடை வசதியை இழப்பர், 70 லட்சம் பேர் விரும்பாமற் கருவுறுவர் என்று 2020 ஏப்ரலில் அஞ்சியது. ஓராண்டு கழித்து அதே நிதியம் மதிப்பிட்டபோது வசதி இழந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம், விரும்பாத கருக்கள் 14 லட்சம் என்று தெரிந்தது. அஞ்சிய அளவு நேரவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்தப் பதினான்கு லட்சத்தில் ஒருத்தியை நான் அறிவேன்.

அவர் எங்கள் ஊர்ப் பெண். நான்கு பிள்ளைகளின் தாய். நான்காவது பேற்றிலேயே உதிரம் மிகுதியாகப் போய், அடுத்த கரு உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். காப்பர்-டி பொருத்திக்கொள்ள ஏப்ரலில் நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வரவே இல்லை. கணவர் வேலையின்றி வீட்டில் இருந்தார். உறை பயன்படுத்துவது ஹராம் என்பது அவர் எண்ணம். யார் சொல்லிக் கேட்டாரோ தெரியாது. மனைவி மறுத்தால் மலக்குகள் சபிப்பார்கள் என்ற ஒன்றை மட்டும் நன்றாக மனனம் செய்திருந்தார். அப்பெண் என் இல்லத்தாருக்குத் தொலைபேசியில், "மாமி, ஹழ்ரத்திடம் கேட்டுச் சொல்லுங்கள், நான் மறுத்தால் பாவமா?" என்று கேட்டபோது ஏற்கெனவே இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் அக்கணவரை அழைத்துப் பேசினேன். நபித்தோழர்கள் அஸ்ல் என்னும் முறையைக் கையாண்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதைச் சொன்னேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் திருமண ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில் அதை அனுமதித்து, பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பதையும் ஏற்கத்தக்க நோக்கங்களுள் ஒன்றாக எழுதியிருப்பதைக் காட்டினேன். அதே இடத்தில், கணவன் தன் தேவை முடிந்ததும் எழுந்துவிடாமல் மனைவியின் நிறைவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று இமாம் கூறுவதையும் சேர்த்தே படித்துக் காட்டினேன். அவர் தலை குனிந்தவாறு, "இதை எந்த பயானிலும் சொல்லவில்லையே, ஹழ்ரத்" என்றார். கரு உண்டாகாமல் தடுப்பது வேறு, உண்டான கருவைப் பற்றிய சட்டம் வேறு. அதை மருத்துவரோடு சேர்ந்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் 2021 தொடக்கத்தில் பெண் மகவொன்றை ஈன்று, நான்கு பாட்டில் இரத்தம் ஏற்றிய பின் பிழைத்தார்.

அந்நாட்களில் பெண்களுக்கு அறிவுரை கூறியவர்களுக்குப் பஞ்சமில்லை. மலேசியாவின் பெண்கள் அமைச்சகம் 2020 மார்ச் இறுதியில் சில படங்களை வெளியிட்டது. வீட்டிலிருந்தாலும் மனைவி ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், கணவனை நச்சரிக்கக் கூடாது, டோரேமான் என்ற பொம்மைப் படப் பூனையைப் போலக் கொஞ்சிப் பேசலாம் என்பன அதன் யோசனைகள். நாடே நகைத்தது, அமைச்சகம் மன்னிப்புக் கேட்டுப் படங்களை நீக்கியது. கணவன் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு படமேனும் போட்டிருக்கலாம்.

ஏக்கம் வேறு வகையிலும் இருந்தது. சனவரியில் நிக்காஹ் முடித்த இளைஞர் ஒருவர், ரமளான் பிறைக்குச் சில நாள் முன்னதாக என்னை அழைத்து வெகுநேரம் தயங்கினார். இரண்டு அறை கொண்ட வீட்டில் சென்னையிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்தோடு ஒன்பது பேர். பெண்கள் ஓர் அறையிலும் ஆண்கள் கூடத்திலும் உறங்கினர். மனைவியோடு தனித்துப் பேசி ஒரு மாதமாகிறது என்றார். அவருடைய வாப்பா என் பழைய நண்பர். மச்சு அறையில் கிடந்த உடைந்த நாற்காலிகளையும் பழம்பாய்களையும் அகற்றிப் பிள்ளைக்குக் கொடுக்குமாறு சொன்னேன். "எனக்குத் தோன்றவில்லையே" என்று அவர் வெட்கினார்.

அரபியில் வீட்டுக்கு மஸ்கன் என்று ஒரு பெயர். உள்ளத்து அமைதிக்கு ஸகீனத். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. தம்பதியரைப் பற்றித் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் பேசும்போதும் அவ்வேரே வந்து நிற்கிறது. தமிழிலோ அகம் என்ற ஒரு சொல்லே வீட்டையும் நெஞ்சையும் காதல் வாழ்வையும் குறிக்கிறது. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இப்படிச் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிடும் வழக்கம் உண்டு, வாசகர் பொறுத்துக்கொள்வார்களாக.

ஒரே வீட்டில் இருந்தவர்கள் நிலை இது. வளைகுடாவில் சிக்கிய கணவர்களின் நிலையோ வேறு. 2020 மார்ச்சில் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டது. இடையில் சிறப்பு விமானங்கள் வந்தன. ஆனால் ஊருக்கு வந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சித் தங்கியவர்கள் பலர். உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனத்துத் தெருவில் செல்கையில், போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்குவதைக் கேட்டு, கணவனின்றி ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவிய வரலாறு நாம் அறிந்ததே. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடும். வீரர்கள் அதற்கு மேல் இல்லத்தைப் பிரிந்திருக்கலாகாது என்று கலீஃபா ஆணையிட்டார். ஒரு தந்தை மகளிடம் இதைக் கேட்டதும், மகள் விடை கூறியதும், அரசு அதன்படி நடந்ததும் எனக்குப் பெருவியப்பு. நாமோ இரண்டாண்டுப் பிரிவைப் 'பொறுமை' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டோம்.

பிரிவு நீண்ட இடங்களில் சிலர் வழி தவறியதும் உண்டு. 2020இல் பால்வினை நோய்கள் குறைந்துவிட்டதாகப் பல நாடுகளில் முதலில் தோன்றியதற்குக் காரணம், சோதனை நிலையங்கள் மூடிக் கிடந்ததுதான். அமெரிக்காவில் அவ்வாண்டு தாயிடமிருந்து தொற்றிய சிஃபிலிஸ் நோயோடு பிறந்த குழந்தைகள் 2,100க்கும் மேல். முந்தைய ஆண்டைவிட இது அதிகம். வெளிநாட்டிலிருந்து வருவோரை எல்லாம் ஐயுறுவது பாவம். தன்னைப் பற்றித் தானே ஐயம் கொண்டவன் இரத்தச் சோதனை செய்யாமல் மனைவியை நெருங்குவது அதைவிடப் பெரும் பாவம்.

கொரோனாவைப் பற்றி எழுந்த கேள்விகளுக்கு மருத்துவர்கள் கூறிய விடை எளியது. அது மூச்சால் பரவும் நோய். நோயுற்றவரோடு நெருங்கினால் எவ்வகையிலும் தொற்றும். சீனாவில் 38 ஆண்களைச் சோதித்ததில் அறுவரின் விந்தில் அக்கிருமியின் தடயம் கண்டதாக 2020 மேயில் செய்தி வந்தது. பின்னர் நடந்த சோதனைகளில் பெரும்பாலும் அது காணப்படவில்லை. கடுங்காய்ச்சல் எதுவாயினும் ஆணின் விந்தணுக்களைச் சில மாதம் குறைக்கும். பிறகு அவை மீளும். தடுப்பூசி ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி முற்றிலும் பொய் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2021 சனவரி 3 அன்றே கூறிவிட்டார். ஆயினும் எங்கள் தெருவில் அந்தப் பொய்யை நம்பி ஊசியைத் தவிர்த்தவர்கள் இருந்தார்கள்.

2022இல் எங்கள் பெண்கள் மதரஸாவில் மாதம் ஒருமுறை பெண் மருத்துவர் ஒருவர் வந்து பேச ஏற்பாடாயிற்று. ஆண்களுக்கு அனுமதி இல்லை. நானும் வெளித்திண்ணையோடு சரி. முதல் நாள் நாற்பது பெண்களேனும் வந்திருப்பார்கள். கேள்விகளைப் பெயரின்றிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். ஊரடங்கின்போது தவறத் தொடங்கிய மாதவிடாய் இன்னும் சீராகவில்லை, இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை என்று பதினொரு சீட்டுகளில் எழுதியிருந்ததாக மருத்துவர் பின்னர்க் கூறினார்.