சீனம் வரை சென்ற ஒரு சொல்

ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகளின் நடுவே பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? அந்தச் செம்மண் பூமியில்தான் வரதராஜன்பேட்டை இருக்கிறது. கிறிஸ்தவ மக்கள் மிகுதியாக வாழும் பேரூர். மாதா கோயிலும் தொன் போஸ்கோ பள்ளியும் அவ்வூரின் அடையாளங்கள்.

கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பரின் இல்லத் திருமணத்துக்காக அங்கு சென்றேன். வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். கல்வியைத் தேடிச் சீனம் வரை செல்லச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை நபிமொழி என எடுத்துரைத்தேன். கைதட்டல் எழுந்தது.

பந்தி முடிந்ததும் நண்பரின் தந்தையார் அருகில் வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "தம்பி, அருமையான சொல். எந்த நூலில் இருக்கிறது? குறித்துக்கொள்கிறேன்" என்றார்.

எனக்கு நா எழவில்லை. சிறுவயது முதல் பயான்களில் கேட்ட சொல். ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. "ஊர் சென்று கடிதம் எழுதுகிறேன் ஐயா" என்று விடைபெற்றேன்.

மதரஸா திரும்பி நூல்களைப் புரட்டினேன். இமாம் பைஹகீ (ரஹ்) அதைப் பதிவு செய்து, மக்களிடம் பிரபலமானதாயினும் அதன் இஸ்னாத் பலவீனமானது என்றும் குறித்துள்ளார்கள். ஹிஜ்ரி 597-ல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். தொடரில் வரும் அபூ ஆதிகா என்பவர் நம்பத்தகாத அறிவிப்பாளர் என்பதே காரணம்.

சிந்தியுங்கள்! கருத்து நல்லது என்பதால் ஒரு சொல் நபிமொழி ஆகிவிடாது. அறிவித்தவர் யார்? யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்தார்களா? நேர்மையும் நினைவாற்றலும் உள்ளவரா? அவரினும் உறுதியானவர்களின் அறிவிப்புக்கு முரண்படுகிறாரா? இவ்வளவும் ஆராய்ந்த பின்னரே ஸஹீஹ், ஹஸன், ளயீஃப், மவ்ளூஃ என நம் இமாம்கள் தரம் பிரித்தார்கள். ஒரேயொரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள். நானோ என் அறையின் அலமாரி வரைகூட நடக்கவில்லை!

பெரியவருக்கு உண்மையை ஒளிக்காமல் எழுதினேன். கல்வி தேடி நடப்பவருக்குச் சுவனப் பாதை எளிதாகும் என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதையும் குறிப்பிட்டேன். "தவற்றை ஒப்புக்கொண்டீர்கள், இனி நீங்கள் சொல்வதை நம்புவேன்" என்று பதில் வந்தது.

இன்று கைப்பேசியில் நாள்தோறும் எத்தனை 'நபிமொழிகள்' வருகின்றன! அடுத்தவருக்கு அனுப்பும் முன் அந்தப் பெரியவரைப் போல ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நூலில் இருக்கிறது?