வாயில்லா விருந்தாளி

பெரிய பூச்சி ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்தால், "ஐயோ!" என்று அலறி விளக்குமாற்றைத் தேடுகிறவர்கள் நம்மில் அநேகம். அதுவே ஒரு சாண் அகலம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

தாம்பரத்தை அடுத்த சேலையூர்வாசி நான். ஏழு மாதக் கர்ப்பிணியாயிருந்த தங்கையைப் பார்க்க வால்பாறைக்குப் போயிருந்தேன். ஒருநாள் இரவு வராந்தா விளக்கருகே, அரக்குப் பட்டை விரித்துப் போட்டாற்போல் ஒரு விட்டில்! இறக்கை நுனிகளில் அச்சு அசலாகப் பாம்புத் தலை.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு, இது ஆகாதும்மா" என்று விளக்குமாற்றை ஓங்கிவிட்டார் தங்கையின் மாமியார்.

அதன் பருத்த வயிற்றைப் பார்த்தேன். "இதுவும் பிள்ளைத்தாச்சிதான் அத்தை. வயிறு பூரா முட்டை" என்றேன்.

ஓங்கிய கை தானாக இறங்கியது. விளக்கை அணைத்தோம். காலையில் விட்டிலைக் காணோம். தங்கைக்குப் பிறகு சுகப்பிரசவம்தான்.

இதன் பெயர் அட்லஸ் விட்டில். 1758-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர். கிரேக்கக் கதைகளில் வானத்தையே தோளில் சுமந்தவன் அட்லஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள இனத்துக்கு 'டாப்ரோபானிஸ்' என்று பெயர். பண்டைய கிரேக்கர்கள் இலங்கையை 'டாப்ரோபேன்' என்றார்கள். நம் தாமிரபரணிதான் அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது என்று சொல்வதுண்டு. சீனாவின் கான்டன் பக்கத்திலோ, அத்தைக்குத் தோன்றிய மாதிரியே, 'பாம்புத்தலை விட்டில்' என்கிறார்கள்!

முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம். புழு கொய்யா, எலுமிச்சை போன்ற இலைகளை ஓயாமல் தின்று நாலு அங்குலத்துக்கு வளரும். பிறகு இலையை மடித்துப் பட்டு நூலால் கூடு கட்டி, உள்ளே ஒரு மாதம் போல இருக்கும். தைவானில் அந்தக் காலிக் கூட்டைச் சில்லறைப் பர்ஸாக வைத்துக்கொள்வதும் உண்டாம்.

வெளியே வரும் விட்டிலுக்கோ சாப்பிட வாய் கிடையாது! புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்தே ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். அதற்குள் பெண் தன் வாசனையைக் காற்றில் விட்டு ஆணை வரவழைக்க வேண்டும். முட்டையும் இட வேண்டும். நம் விளக்கில் மயங்கி ஓர் இரவைத் தொலைத்தால், இருக்கிற நாலு நாளில் ஒன்று போச்சு!

வால்பாறை வரை போவானேன்? தாம்பரம் பக்கத்து வீடுகளில் நந்தியாவட்டையிலும் அரளியிலும் இருக்கும் பச்சைப் புழுவும் வளர்ந்தால் ஒரு விட்டில்தான். விளக்கு வெளிச்சம் அதற்கும் இடைஞ்சலே. ஆகவே சகோதரிகளே, வேலை முடிந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். ஓர் உயிர் தன் வழியே போகும். கரண்டு பில்லும் கொஞ்சம் குறையும்.