மாமாவின்ர ஜீப்பும் அப்பாவின்ர கொப்பியும்

எங்கட ஊரில் கொஞ்சம் உயரமாக நிற்கிற எந்த வாகனமும் ஜீப்தான். பிராடோவும் ஜீப், வெசலும் ஜீப். ஆகவே எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிறதும் ஜீப்தான். 2014 ஆம் ஆண்டு செய்த ரொயோட்டா ஹரியர் ஹைபிரிட், 2018 இல் வாங்கினது. காசு கனடாவில இருக்கிற மாமாவுடையது. புத்தகம் அப்பாவின் பெயரில். பராமரிப்பு நாங்கள். பிரச்சினை முழுக்க இந்த மூன்று வசனத்துக்குள்ள இருக்கு.

மாமாவின் கணக்கு எளிமையானது. ஓய்வெடுத்ததும் ஊரோடு வந்து இருப்பார், அதுவரைக்கும் வருசத்துக்கு ஒருமுறை வரேக்க ஓட ஒரு நல்ல வாகனம் வேணும். நல்ல வாகனம்தான், சந்தேகமில்லை. முதல் இரண்டு தலைமுறை ஹரியரும் வெளிநாடுகளில் லெக்சஸ் ஆர்எக்ஸ் என்ற பெயரில் விற்பட்டவை. 2013 இன் கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறையை ரொயோட்டா லெக்சஸிலிருந்து பிரித்து, ஜப்பான்காரருக்கென்றே செய்தது. எங்களுடையது அந்த வகை. அதனால் திரையில் இருக்கிறதெல்லாம் ஜப்பான் எழுத்து. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணும்போதும் ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்லும். நெடுஞ்சாலைக் கட்டணக் கார்ட் போடவில்லை என்று சொல்லுதாம். அம்மா அதை வணக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

மாமா "ஓடுங்கோ அத்தான், சும்மா நிப்பாட்டி வைக்காதேங்கோ" என்று ஒவ்வொரு தொலைபேசியிலும் சொல்லுவார். அப்பா "ஓம் தம்பி" என்பார். ஆனால் ஓடமாட்டார். அப்பாவைப் பொறுத்தவரை அது மற்றவன்ர பொருள். மீற்றரில் ஏறுகிற ஒவ்வொரு கிலோமீற்றரும் மாமாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்த காசு. சந்தைக்கும் கோயிலுக்கும் மோட்டார்சைக்கிள்தான். ஜீப்புக்கு உறை போட்டு, உறைக்கு மேல் ஒரு பழைய பெட்சீற்றும் போட்டு வைத்திருந்தார்.

அந்தக் கண்ணியத்துக்கு ஹைபிரிட் ஒத்துழைக்கவில்லை.

2020 இல் ஊரடங்கு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் வாகனம் அசையவில்லை. பிறகு ஒருநாள் பார்த்தால் கதவே திறக்கவில்லை. திறப்புப் பெட்டிக்குள் ஒளிந்திருந்த சின்ன இரும்புத் திறப்பால் திறந்தோம். உள்ளே லைற் இல்லை, குரல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெடியள் மூன்று பேர் வந்து "தள்ளி ஸ்டார்ட் பண்ணுவம்" என்றார்கள். இந்த வகை ஹைபிரிட்டைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாது. அதில் வழமையான ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. எஞ்சினைச் சுழற்றுவதே பெரிய பற்றரியின் மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார்தான். அந்தப் பெரிய பற்றரி 244.8 வோல்ட். ஆனால் அதை எழுப்புகிற கணினிக்கும் ரிலேக்கும் மின்சாரம் கொடுப்பது சாதாரண 12 வோல்ட் பற்றரி. அது செத்தால் பின்சீற்றுக்குக் கீழே 244.8 வோல்ட் இருந்தும் பயனில்லை.

சின்னப் பற்றரி மாற்றியது ஒரு விசயமே இல்லை. மாற்ற வந்த மெக்கானிக் அண்ணை அப்பாவைப் பார்த்துச் சொன்னதுதான் விசயம். "ஐயா, நீங்க இதைக் காப்பாத்திறன் எண்டு கொல்லுறீங்க."

அவர் விளங்கப்படுத்தினது இவ்வளவுதான். பெரிய பற்றரி நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. 34 துண்டு, ஒவ்வொன்றிலும் 6 செல், மொத்தம் 204 செல். வாகனம் நின்றாலும் அது மெல்ல மெல்லத் தன் சார்ஜை இழக்கும். எல்லாச் செல்லும் ஒரே அளவில் இழப்பதில்லை. ஏற்றத்தாழ்வு கூடக்கூட, பலவீனமான ஒன்று மற்றவற்றையும் இழுத்து விழுத்தும். ரொயோட்டாவின் ஹைபிரிட் கையேடுகளே, சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் அல்லது 16 கிலோமீற்றர் ஓடச் சொல்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்டச் சாவகச்சேரி. எங்கட வெக்கைக்கு மாதத்துக்கு ஒருமுறை போதாது, கிழமைக்கு ஒருக்கால் ஓடச்சொல்லி மெக்கானிக் அண்ணை சொன்னார்.

அதோடு வேறு பாடங்களும் வந்தன. பெரிய பற்றரியைக் குளிர்விக்க ஒரு ஃபான் இருக்கு. அது வாகனத்துக்கு உள்ளே இருக்கிற காற்றைத்தான் இழுக்கும். பின்சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னத் துவாரத்தை நாங்கள் அதுவரை ஸ்பீக்கர் என்றுதான் நினைத்திருந்தோம். கழற்றியபோது ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சும் செம்மண் தூசியும் வந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பி அதைத் துப்புரவாக்குவான், அதற்கு முன்னால் யாரும் பை வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்பா பெற்றோல் மிச்சம்பிடிக்க ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுவார். மெக்கானிக் அண்ணை, "ஏசி உங்களுக்கு இல்லை ஐயா, பற்றரிக்கு" என்றார். அந்த ஒரு வசனத்தால் எங்கள் எல்லாருக்கும் குளிர்காற்று கிடைத்தது.

மற்றது தண்ணி. எங்கட கிணற்றுத் தண்ணியில் கேத்தில் வெள்ளையாகப் படிகிறது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணியைப் பழைய காருக்கு ரேடியேற்றரில் விட்டுப் பழகின ஆட்கள் எங்கட ஆட்கள். இதில் எஞ்சினுக்கு ஒரு கூலன்ற், மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற இன்வேற்றருக்குத் தனியாக இன்னொரு கூலன்ற். இரண்டிலும் குறைந்தால் கிணற்றடிக்குப் போகக்கூடாது, கொம்பனி சொன்ன கூலன்ற்தான். செம்மஞ்சள் நிற வயர் எதையும் வீட்டில் யாரும் தொடக்கூடாது. இந்தச் சட்டம் எலிக்கும் அணிலுக்கும் தெரியாது என்பதுதான் கவலை.

2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. கியூஆர் வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். ஊருக்குள்ள எங்கட ஜீப் லீற்றருக்கு 14, 15 கிலோமீற்றர் ஓடும். மெதுவாகப் போகிற ஒழுங்கைகளில் எஞ்சின் இல்லாமலே உருளும். ஆக, அந்தக் காலத்தில் எங்கட ஒழுங்கையில் ஓடக்கூடிய வாகனமாக ஆடம்பரமானதுதான் மிஞ்சி நின்றது. மிச்சம்பிடிக்கிற வசதியும் காசுள்ளவனுக்குத்தான் முதலில் வருகிறது என்று எங்களுக்கு ஒரு கூச்சம் இருந்தது. இன்னும் இருக்கு.

அப்பா அந்தக் கூச்சத்துக்குத் தன்பாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமைகளில் "பற்றரிக்கு ஓட்டம்". போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிற ஒழுங்கைச் சனம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய், பிறகு திரும்பக் கூட்டி வருவார். அவர்களுக்கு உதவி என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெற்றோல் காசு நீட்டினால், "இது ஓடவேண்டிய ஓட்டம்" என்பார். பின்வீட்டு ஆச்சி மட்டும் விடாமல் முருங்கைக்காய் கொண்டுவந்து சீற்றில் வைத்துவிட்டுப் போவார்.

எல்லாம் கொப்பியில் இருக்கு. திகதி, மீற்றர், எத்தனை லீற்றர், யார் ஏறினது, முருங்கைக்காய் உட்பட. மாத முடிவில் அந்தப் பக்கங்களைத் தம்பி படமெடுத்து வட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்புவான். மாமாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும்வரை புரோக்கர்மார் எங்கட கேற்றடியில்தான். வாங்கின விலையைவிடக் கூடச் சொன்னார்கள். மாமா விற்கமாட்டன் என்றார். விற்றால் தான் வரப்போவதில்லை என்று ஒத்துக்கொள்வதாகிவிடும் என்று அம்மா சொல்லுவார். கடைசியாக மாமா வந்தது 2023 ஆவணி. பதினெட்டு நாள் நின்றார். மகளுக்கு அங்கே வீடு வாங்க உதவிசெய்கிறாராம். ஓய்வெடுக்கிற வருசம் இரண்டு தடவை பின்னுக்குப் போய்விட்டது.

போன மாதம் ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம். இரண்டு இடத்தில் வோல்டேஜ் மற்றதைவிட இறங்குது. மெக்கானிக் அண்ணை அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றலாம் என்றார். ஆனால் பழசுக்கு நடுவில் புதுசு வைத்தால் கொஞ்ச நாளில் அடுத்தது விழும் என்றும் அவரே சொன்னார். முழுப் பற்றரியும் மாற்றப் பல இலட்சம். இப்படியே கவனமாக ஓடினால் இன்னும் ஒரு வருசம், ஒன்றரை வருசம் பார்க்கலாமாம்.

அப்பா இதையும் கொப்பியில் எழுதினார். அந்தப் பக்கத்தை அனுப்புவதா விடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் கதை நடந்தது. "அவனுக்குச் செலவு வைக்கிறன் எண்டு நினைப்பான்" என்றார் அப்பா. "ஏன், நீங்கள் இவ்வளவு நாளும் வைச்ச கணக்கை அவன் வாசிக்கிறான் எண்டு நினைக்கிறியளோ?" என்று அம்மா கேட்டார். தம்பி அனுப்பினான். கட்டைவிரல் வந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து மாமா தானே எடுத்தார். பற்றரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தான், செவ்வாய்க்கிழமையில ஆர் இந்த முருங்கைக்காய்?" என்றுதான் கேட்டார்.