கார்த்தஹேனாவின் வெயில்

ஸ்பெயின் போனேன் என்றால் பார்சிலோனாவா, மாட்ரிட்டா என்று கேட்கிறார்கள். கார்த்தஹேனா என்றால், அது கொலம்பியாவில் அல்லவா இருக்கிறது என்கிறார்கள். 1533-இல் உருவான அந்தக் கொலம்பிய ஊருக்குப் பெயர் தந்த மூத்த ஊர் இது. ஸ்பெயினின் தென்கிழக்கில், முர்சியா மாநிலத்தில், குன்றுகள் சூழ்ந்த துறைமுகம். கடற்கரை தேடி வருகிறவர்கள் அலிகாந்தேயிலேயே தங்கிவிடுகிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

டிசம்பர் விடுமுறை. அங்கே வெயில் சுடாது, தோளில் கை போட்டபடி கூடவே வரும். நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள அருங்காட்சியகத்தில் நுழைந்து, மேலேறி, பழைய தேவாலயத்துக்கு அடியில் செல்லும் இருண்ட வழியில் நடந்தேன். அது முடியுமிடத்தில் முகத்தில் பளீரென்று வெயில். கண்ணெதிரே ரோமானியர் கட்டிய அரங்கம்! அகஸ்டஸ் காலத்தது, ஆறாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து நாடகம் பார்த்த இடம். காலப்போக்கில் அதன்மேல் சந்தை வந்தது, வீடுகள் வந்தன, மேல்படிகளின்மீது தேவாலயமே எழுந்தது. காலடியில் இப்படியொன்று கிடப்பது தெரியாமலே மீனவக் குடும்பங்கள் பிள்ளை பெற்று வளர்த்திருக்கின்றன. 1988-இல் கைவினை மையம் ஒன்று கட்டத் தோண்டியபோதுதான் கல் தட்டுப்பட்டது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக் கல்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். போதும், எழுந்திரு என்று சொல்ல ஒருவருமில்லை. அந்த நிதானத்துக்குத்தான் இப்போது மனம் ஏங்குகிறது.

ரோமானியருக்கு முன்பே கார்த்தேஜின் தளபதி ஹஸ்த்ருபால் நிறுவிய ஊர் இது. கி.மு. 209-இல் ரோமின் தளபதி ஸ்கிபியோ பிடித்துக்கொண்டான். பக்கத்து மலைகளின் வெள்ளி இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது. பிற்காலச் சுரங்கப் பணம் மாயோர் தெருவில் கண்ணாடி அடைத்த மாடங்களாக நிற்கிறது. மதிய உணவு வேளையில் கடைகள் மூடிய பிறகு, வழுவழுப்பான அதன் தரையில் நடந்து பார்க்க வேண்டும்.

நடந்து களைத்தால் 'ஆசியாதிகோ'. தடித்த கண்ணாடிக் கோப்பையில் அடியில் கெட்டிப்பால், மேலே காபி, பிராந்தி, அதோடு அந்த ஊரிலேயே தயாராகும் 'லிகோர் 43', ஒரு துண்டு எலுமிச்சைத் தோல், இலவங்கப்பட்டை. பாலும் காபியும் தனித்தனி அடுக்காக நிற்பதைக் கலைக்க மனம் வராது.

இந்த வருஷ விடுமுறைக்கு எங்கே என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. பிள்ளைகள் புதுப்புது ஊர்ப் பெயர்களாகச் சொல்கிறார்கள். நான் கார்த்தஹேனாவையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.